ரசச் சட்டிக்கு அடியில் ஓர் இரும்பு வளையம்

எங்கள் வீட்டில் ரசச் சட்டியைச் சூட்டோடு இறக்கி வைப்பது ஓர் இரும்பு வளையத்தின் மேல்தான். ஓரிடத்தில் வெட்டுவிட்டிருக்கும், வெட்டின் இரண்டு முனைகளும் முழுசாக இருக்கும். அது எங்கள் மில் என்ஜினிலிருந்து கழற்றிய பிஸ்டன் வளையம் என்று என் மனைவி இன்றைக்கும் நம்புகிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

சாக்கோட்டைப் பாதையில் சின்னதாக ஒரு நெல் அரவை மில் வைத்திருந்தேன். எங்களுக்கு இருந்த ஒரே பிழைப்பு அது. தை அறுவடை நெருங்கிய நேரத்தில் என்ஜின் புகை கக்கத் தொடங்கியது. பாதி மூட்டை அரைப்பதற்குள் திணறியது. என் மனைவியின் அண்ணன் நல்ல ஃபிட்டர். வேறு யாரை நான் ஏன் கூப்பிடப்போகிறேன்? மச்சான் வந்து பிஸ்டனை வெளியே எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, வளையங்களைக் கழற்றினார். ஒன்றை வெறும் சிலிண்டருக்குள் விட்டு, பின்னால் விளக்கைப் பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். சுற்றிலும் வெளிச்சம் கசிந்தது. "பாத்தீகளா மாப்ளே, தேஞ்சுபோச்சு. மூச்சு பூராம் இங்குட்டுல்ல போகுது" என்றார். அதை வாங்கிப் பார்த்தேன். மூளியாகிப்போன அதன் முனை என் கட்டைவிரலைக் கிழித்துவிட்டது.

பட்டணத்திலிருந்து புது வளையங்களை வரவழைத்துக் கொடுத்தேன். மாட்டுகிற அன்று உறவில் ஒரு சாவு, நான் போய்விட்டேன். ஃபிட்டர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய பழசை உடையவன் கையில் கொடுத்துவிட வேண்டும்; புதுசு மாட்டியதற்கு அதுதான் சாட்சி. மச்சானும் துணியில் சுற்றிக் கொடுத்தார். அதில் ஒன்றைத்தான் என் மனைவி சமையலுக்கு எடுத்துக்கொண்டாள்.

கழுவிப் பூட்டியதில் கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. நெல் வண்டிகள் வந்து வரிசைகட்டி நின்றபோது அடியோடு படுத்துவிட்டது. மச்சானுக்கு ஆள் விட்டேன், வரவில்லை. வேறொருவரைக் கூட்டிவந்து பிரித்தால், என் விரலைக் கிழித்த அதே மூளி வளையம் உள்ளே இருக்கிறது! வீட்டில் கிடப்பதில் மூளியே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பக்கத்து மானகிரி மில்லில் இருந்ததும் எங்கள் ரக என்ஜின்தான். வண்டிகளெல்லாம் அங்கேதான் திரும்பிப் போயின. நானும் போனேன். எங்கள் புது வளையங்களோடு ஓடிக்கொண்டிருந்த என்ஜின் பக்கத்தில் மச்சான் நின்றார். அதில் கழற்றிய பழசைத்தான் துணியில் சுற்றி எனக்குக் கொடுத்திருக்கிறார்.

"இந்த மில்லுல கூட்டுச் சேத்துக்கிறேன்னாக மாப்ளே. நானும் பிழைக்கணும்ல?"

அடப்பாவி மனுசா, நான் பிழைக்க வேண்டாமா?

அந்த வருஷமே மில் கைவிட்டுப் போனது. மனைவியிடம் நான் எதையும் சொல்லவில்லை. தாய் தகப்பன் இல்லாத அவளைத் தூக்கி வளர்த்தவர் அவர். எந்த வாயால் சொல்வது?

போன மாதம் மச்சான் செத்துப்போனார். காரியம் முடிந்து வந்ததும், இனியாவது இந்தச் சனியனைத் தலைமுழுகலாம் என்று வளையத்தைக் கையில் எடுத்தேன். அவள் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள். "எங்கண்ணன் ஒங்களுக்குச் செஞ்சதுக்கு அடையாளமா வேற என்ன இருக்கு நம்மகிட்ட?" என்று அழுதாள். பிறகு சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, ரசத்தை அதன்மேல் இறக்கி வைத்து, எனக்கு இலை போட்டாள்.