எண்ணெய்க் கையோடு எடை தூக்கினேன்

போன வருடம் வேலை கிடைத்துத் தென்காசியிலிருந்து வந்தேன். சிட்லபாக்கத்தில் ஒற்றை அறை. ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மாவிடம் பேசுவதோடு சரி, வேறு பேச்சுத்துணை கிடையாது. பொழுதுபோகத் தாம்பரத்தில் ஒரு தகரக் கொட்டகை ஜிம்மில் சேர்ந்தேன்.

கம்பி உரசி உள்ளங்கை காய்த்துப்போனதில் எனக்குப் பெருமைதான். ஒருநாள் அந்தக் காய்ப்பு பிய்ந்துகொண்டது. மெஸ்ஸில் ரசம் சாதம் பிசைந்தபோது எரிச்சலில் கண்ணீரே வந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, துடைக்காமலே ஜிம்முக்குப் போய்விட்டேன். பெஞ்சில் படுத்துத் தூக்கியபோது கம்பி வழுக்கி நெஞ்சில் விழுந்து, கழுத்துப் பக்கம் உருண்டது. மூலையில் ஒருவர் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தார். அப்போதும், பேசிப் பழகாத அவரை எப்படிக் கூப்பிடுவது என்று கூச்சம்! அவர் தற்செயலாகத் திரும்பிப் பார்த்து, ஓடிவந்து தூக்கினார்.

"இன்னா தம்பி, நான் இங்கதான கீறேன்? ஒரு கொரல் குடுக்கக் கூடாதா?" என்று திட்டினார்.

இப்போதெல்லாம் குளித்ததும், ஊறியிருக்கும் காய்ப்பைக் கால் தேய்க்கும் கல்லால் மெல்லத் தேய்த்துவிடுகிறேன். எண்ணெய் தடவுவது இரவு படுக்கப்போகும்போது மட்டும்தான். தூக்குவதற்கு முன் விரல்களையும் மணிக்கட்டையும் நீட்டி மடக்கி, கையைத் துண்டில் துடைத்துக்கொள்கிறேன். பிறகு அவரிடம், "அண்ணா, கொஞ்சம் தலைமாட்டுல நிக்கிறீங்களா?" என்று கேட்கிறேன்.

அலுவலகப் பேச்சு நீங்கலாக, பல நாட்களில் நான் வாய்திறந்து பேசுவது அது ஒன்றுதான்.