ராஜா ஜோடியை மடக்கியவர்

பேருந்துப் பணிமனையில் பிரேக் பார்ப்பவருக்கு ‘மடக்கு’ என்று பெயர் வைத்தவர் எலக்ட்ரீஷியன். போக்கர் சீட்டாட்டத்தில் இந்த பிரேக்காரர் பெரும்பாலும் பந்தயம் ஏறுமுன்பே சீட்டை மடக்கி வைத்து ஒதுங்கிவிடுவார்.

மாதக் கடைசியில் பணிமனை ஓய்வறையில் ஆட்டம் நடக்கும். காசு கிடையாது, ஆளுக்கு ஒரு கை இரும்பு வாஷர்தான் பந்தயம். கடைசிவரை தாக்குப்பிடிப்பவருக்கு அடுத்த மாதம் பகல் ஷிப்ட். மற்றவர்களுக்கு இரவு.

மடக்கின் ஆட்டத்தில் பிழை சொல்ல முடியாது. உருப்படாத சீட்டைத் துரத்த மாட்டார். முதலில் பந்தயம் பேசவேண்டி வந்தால் இன்னும் அடக்கி வாசிப்பார். கடைசியில் பேசும் முறை வந்தால், யார் எத்தனை சீட்டு மாற்றினார்கள் என்று பார்த்துவிட்டே வாஷரைத் தொடுவார். ஆனால் நல்ல சீட்டு இல்லாமல் வெறுங்கையோடு ஒருநாளும் பந்தயம் ஏற்றியதில்லை. அது ஊரறிந்த ரகசியம். அவர் ஏற்றினால் மேசையே ஒதுங்கிவிடும்.

அந்த முறை அவருக்குப் பகல் ஷிப்ட் வேண்டியிருந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகள் ஒரு மாத விடுப்பில் வருகிறாள். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கடைசியில் அவரும் எலக்ட்ரீஷியனும் மட்டும் மிஞ்சினார்கள். அவர் கையில் ராஜா ஜோடி. எலக்ட்ரீஷியன் ஒரே ஒரு சீட்டை மாற்றிவிட்டு, இருந்த வாஷரையெல்லாம் நடுவில் தள்ளினார்.

ஒரு சீட்டு மாற்றுகிறவர் பெரும்பாலும் வரிசைக்குக் காத்திருப்பவர். அது அமைவது அபூர்வம். கணக்கு ‘வாஷரைத் தள்ளி இறங்கு’ என்றது. கை இறங்கவில்லை.

“என்னண்ணே, கையிலேயே வெச்சிருந்தா சீட்டு வெந்துடப் போகுது!” என்றார் எலக்ட்ரீஷியன்.

மடக்கிவிட்டார். எலக்ட்ரீஷியன் தன் சீட்டை விரித்தார். ஒன்றுக்கொன்று ஒட்டு உறவில்லை.

“வெறும் காத்துண்ணே! நீங்க மடக்கிடுவீங்கன்னு நம்பித்தான் தள்ளினேன். உங்ககிட்ட என்ன?”

“ராஜா ஜோடி.”

“அட போங்கண்ணே! அதையா மடக்கினீங்க?”

“பகல் ஷிப்ட் எதுக்கு உனக்கு?”

“சும்மாதான். ராத்திரி நிம்மதியா தூங்கலாமேன்னு.”

மகள் வருவதை அப்போதாவது சொல்லியிருக்கலாம். மடக்கு வாஷர்களை டப்பாவில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மாதம் முழுக்க மகள் பகலில் வீட்டில் குசுகுசுவென்றே பேசினாள், அப்பா தூங்குகிறாராம். அவர் எழும்போது அவள் வெளியே போயிருப்பாள். திரும்பி வரும்போது அவர் இரவு ஷிப்டுக்குக் கிளம்ப ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருப்பார்.

வெளிநாட்டுக்குத் திரும்பும் நாளில் அவள் கேட்டாள்: “இந்தத் தடவை உங்ககூட உக்காந்து பேசவே முடியலப்பா. யார்கிட்டயாவது ஷிப்ட்ட மாத்திக் குடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கக் கூடாதா?”

“கேட்டிருந்தா எலக்ட்ரீஷியன் குடுத்திருப்பான்மா,” என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.