முதல் பக்கத்தில் வந்த பொய்

பொய் எழுதினேன். தெரியாமல் அல்ல; தெரிந்தே, நிதானமாக, நல்ல தமிழில் எழுதினேன்!

எழுபதுகளின் கடைசி அது. அரியலூரில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். விபத்து, திருட்டு, அமைச்சர் வருகை... எதை எழுதினாலும் கவரில் போட்டு, திருச்சி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவேன். உள்பக்க மூலையில் மூன்று வரி வரும். முதல் பக்கம் வேண்டும் என்ற வெறி எனக்கு இருந்தது.

ஊருக்கு வெளியே சுண்ணாம்புக்கல் குவாரியை ஒட்டிச் சில குடிசைகள். கல்லுடைக்கும் குடும்பங்கள். வீட்டுக்குள் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழும் பேசுவார்கள். பாட்டன் பூட்டன் காலத்திலேயே இங்கே வந்துவிட்டவர்கள். மாசி மாதத்தில் ஒரு பகல், குவாரியில் மாண்டவர்களுக்குப் படையல் போடுவார்கள். செத்தவனுடைய கடப்பாரையைக் குவாரி விளிம்பில் நட்டு, மஞ்சள் பூசி, சுற்றிலும் கயிறு கட்டி, அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். வந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்று...

ஓர் ஆண்டு மாசிப் படையலன்று அங்கே போனேன். கயிற்றைத் தாண்டக் காலெடுத்தபோது நாகம்மா தடுத்தாள். அவள் கணவன் முந்தைய ஆண்டு, பாறைக்கு வேட்டு வைத்தபோது செத்துப்போனவன்.

"உள்ள வராதீங்க சார். செத்தவங்க வூட்டு ஆளுங்க மட்டுந்தான் நிக்கணும். எங்க ஆளுங்களே பாதிப்பேரு வெளியதான் நிக்கிறாங்க, பாருங்க. முடிஞ்சதும் சாப்புட வாங்க."

பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. கயிற்றுக்கு உள்ளே என் அருகிலேயே நின்று, அவர்கள் தெலுங்கில் அழைத்ததை எல்லாம் எனக்குத் தமிழில் சொன்னாள். பிறகு அவள் கையால் சோறு வாங்கித் தின்றேன். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கித் தின்றேன்!

மறுநாள் தபால் நிலையத்திலிருந்து செய்தி ஆசிரியரிடம் தொலைபேசியில் பேசினேன். "படையல் போட்டாங்கன்னு எழுதுனா எவன்யா படிப்பான்? ஒன்ன உள்ள விட்டாங்களா இல்லையா? அத எழுது" என்றார்.

எழுதினேன். 'தமிழ் மண்ணில் தமிழருக்குத் தடை!' முதல் பக்கம், கட்டம் கட்டி வந்தது. கயிறு எதற்கு என்று அதில் இல்லை. அவர்கள் ஆட்களே பாதிப்பேர் வெளியில் நின்றதும் அதில் இல்லை. பெயர் சொல்லி அழுததை, 'புரியாத மொழியில் ஆவேச முழக்கம்' என்று எழுதினேன். எனக்கா புரியவில்லை?

ஆசிரியர் தலையில் பழியைப் போட்டுத் தப்பிக்கலாம்... ஆனால் 'முழக்கம்' என்ற சொல் அவருடையது அல்ல. என்னுடையது. கல்லூரி நாளில் இந்தி வேண்டாம் என்று தெருவில் நின்று தொண்டை கிழியக் கத்தியவன் நான். தன் மொழியை ஒருவன் இளக்காரமாகப் பேசினால் எப்படி எரியும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் செய்தேன்!

அரியலூர்க்காரர்களே, நீங்கள் மட்டும் என்ன? தேநீர்க் கடையில் உரக்க வாசித்தீர்கள். கொதித்தீர்கள். தாசில்தாருக்கு மனு எழுதினீர்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கயிற்றைப் பற்றி அவர்களிடம் கேட்க உங்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையே! உங்கள் வீட்டுச் சுவரில் பூசிய சிமெண்டுக்கு அவர்கள்தாம் கல் உடைத்தார்கள்.

அடுத்த மாசியில் படையலுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. குவாரி விளிம்பில் லத்தியோடு இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். குடிசைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாய்க்குள்ளேயே பெயர் சொல்லி அழைத்தார்களாம். இரகசியக் கூட்டம் என்றும் அந்த முதல் பக்கச் செய்தியில் எழுதியிருந்தேன். நான் எழுதிய பிறகுதான் அது இரகசியமாயிற்று.

சில நாள் கழித்து நாகம்மா பஸ் நிலையத்துக்கு என்னைத் தேடி வந்தாள். என் கையில் திருச்சிக்குப் போகவேண்டிய கவர் இருந்தது.

"எவனோ ஒரு படுபாவி எங்களப் பத்திப் பொய்யா எழுதிட்டானாம் சார். பேரு போடலயாம். நீங்கதான் கூடவே நின்னு பாத்தீங்க. நீங்க உண்மைய எழுதுங்க சார். கதவச் சாத்திக்கிட்டுக் கூப்புட்டா எங்க வூட்டுக்காரருக்குக் கேக்குமா?"

'நமது நிருபர்' என்றுதான் போட்டிருந்தது. அந்த நிருபர் அவள் எதிரில் நின்றுகொண்டிருந்தான்.

"படுபாவிதான்" என்றேன். "எழுதுறேம்மா" என்றேன்.

எழுதவில்லை. மறுப்பு எழுதினால், பொய்யன் யார் என்று அவளுக்கு யாராவது சொல்லிவிடுவார்களே! அந்தப் பயம்தான். வேறு காரணம் ஏதாவது இருந்ததா என்று இத்தனை ஆண்டுகளாகத் தேடுகிறேன்... இல்லை.

வாரந்தோறும் வந்தாள். படிக்கத் தெரியாதவள். "வந்துருச்சா சார்?" என்பாள். "இன்னும் வரலம்மா" என்பேன். எத்தனை வாரம்! ஒருமுறையாவது என்னை முறைத்திருக்கக்கூடாதா? சந்தேகப்பட்டிருக்கக்கூடாதா?

கடைசியாக வந்த அன்று அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, என்னைத் தேற்றினாள்.

"உடுங்க சார். நீங்க எழுதித்தான் இருப்பீங்க. அவனுவதான் போட மாட்டேங்கிறானுவ. நீங்க என்ன பண்ணுவீங்க?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.