நூறு வீசைக்குள் ஒரு வீடு

என் கணவருக்கு ஒரு கல்யாணத்தில் இரண்டாம் பந்தியில் இலை போட்டார்கள். அதனால்தான் நாங்கள் சக்கரம் வைத்த வீடு ஒன்று செய்ய நேர்ந்தது. இதைக் கேட்கிறவர்கள் நான் கயிறு திரிப்பதாக நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

கல்யாணம் என் தங்கையுடையது. ரங்கூனுக்கு வடக்கே மாவ்பியில் நெல்வயலும் இரண்டு ஜோடி மாடுகளும் வைத்திருந்தவருக்கு அவளைக் கொடுத்தோம். கல்யாணமும் அங்கேயேதான், மாப்பிள்ளை வீட்டுப் பந்தலில். என் கணவர் ரங்கூன் கியாக்டடாவில் ஒரு மரக் கம்பெனி ஆபீசில் தலைமைக் குமாஸ்தா. அவர் உள்ளே நுழைந்தால் பன்னிரண்டு குமாஸ்தாக்கள் எழுந்து நிற்பார்கள். மாவ்பிப் பந்தலில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முதல் பந்தியில் உட்காரப் போனவரை, "எடம் ரொம்பிடுச்சு, அடுத்த பந்திக்கு வாங்க" என்று யாரோ கையைப் பிடித்து நகர்த்திவிட்டார். அடுத்த பந்தியில் பாயசம் தீர்ந்துபோயிருந்தது.

ஊர் திரும்பும் ரயிலிலேயே சபதம் நடந்தது. "இனி அவன் வீட்ல சோறு திங்கமாட்டேன், தண்ணி குடிக்கமாட்டேன், அவன் கூரைக்குக் கீழ தலை சாய்க்கமாட்டேன்" என்றார். அவன் என்றது சகலையை. பாயசம் எனக்கும்தான் கிடைக்கவில்லை. நான் சபதம் எதுவும் எடுக்கவில்லை. பெண்கள் எந்தப் பந்தியில் சாப்பிட்டார்கள் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை.

அடுத்த வருஷம் தங்கையிடமிருந்து கடிதம் வந்தது. ஆறாம் மாதம், அக்கா நீ வர வேண்டும் என்று எழுதியிருந்தாள். எங்கள் அம்மா ஊரில் இறந்து வெகுநாளாகிவிட்டது. முறைப்படி நான்தான் போய் அவளை அழைத்து வந்து பிரசவம் பார்க்க வேண்டும். அழைக்கப் போவதென்றால் அந்த வீட்டு வாசலை மிதிக்க வேண்டும். மிதித்தால் ஒரு வாய்த் தண்ணீராவது குடிக்க வேண்டும். அங்கேதான் முட்டிக்கொண்டு நின்றது.

"நான் மட்டும் ரயில்ல போயிட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டேன்.

"நீ போனா நான் அனுப்பினதா ஆகும்" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய ஆபீஸ் துரை சீமைக்குத் திரும்பிப் போனார். போகும்போது தம்முடைய குட்டி மோட்டாரை என் கணவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதில் இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம். தையல் மிஷின் ஓடுகிற மாதிரி சத்தம் போடும். மோட்டாரோடு ஒரு கட்டு இங்கிலீஷ் பத்திரிகைகளும் வந்தன. அதில் ஒன்றில் ஒரு படம் இருந்தது. இதே மாதிரிக் குட்டி மோட்டார், அதன் பின்னால் கட்டி இழுத்துவரும் ஒரு சின்ன வீடு, அதற்கு ஜன்னல், ஜன்னலுக்குத் திரை. வீட்டு வாசலில் ஒரு துரைசாணி நாற்காலி போட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

என் கணவர் அந்தப் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. "இதக் கட்டி இழுத்துட்டுப் போவோம். அவன் வாசல்லயே நம்ம வீட்டக் கொண்டுபோய் நிறுத்துவோம். நம்ம கூரை, நம்ம சோறு, நம்ம தண்ணி. என்னை யார் என்ன சொல்லமுடியும்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் தங்கையைப் பார்க்க ஒரு வழி பிறந்ததே என்று வாயை மூடிக்கொண்டேன். அது என் முதல் தப்பு.

மோட்டார் பழுதுபார்க்கிறவரைக் கேட்டார். அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, நூறு வீசை எடைக்கு மேல் எதையும் இதன் வாலில் கட்டாதீர்கள் என்று சொன்னார். அன்று முதல் எங்கள் வீட்டில் சாமி பெயரைவிட அதிகமாக உச்சரிக்கப்பட்டது நூறு வீசைதான்.

முதலில் சீமைக்கு எழுதினார். படத்தில் இருந்த வீட்டின் எடை என்ன, கப்பலில் வருமா என்று கேட்டு நான்கு பக்கம். பதில் வர நான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது. மாவ்பியில் பக்கத்து வீட்டுப் பர்மாக்காரி ஒருத்தி கூட இருந்து பிரசவம் பார்த்ததாகக் கடிதம் வந்தது. அதே வாரம் சீமைப் பதிலும் வந்தது. அந்த வீடு எங்கள் மோட்டாரைவிடக் கனம். எந்தக் கடிதத்தை முதலில் படித்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு ஒரு சீனத் தச்சரைப் பிடித்தார். நல்ல வேலைக்காரர். ஆனால் தேக்கைத் தவிர வேறு மரத்தைத் தொட மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். மரக் கம்பெனியில் வேலை பார்க்கிறவரிடம் தேக்கைப் பழித்துப் பேசவும் முடியாது. மூன்று மாதம் இழைத்துச் செய்தார்கள். கூரை போடுவதற்கு முன்பே நான்கு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. எதிர்வீட்டு ராவுத்தர் விறகுக் கடை வைத்திருந்தார். அவர் கடைத் தராசில் பகுதி பகுதியாகப் பிரித்து நிறுத்ததில் நூற்று நாற்பது வீசை வந்தது. அது இன்றைக்கும் எங்கள் வீட்டில் கட்டிலாக இருக்கிறது. மிக நல்ல கட்டில்.

ரங்கூனை அடுத்த இன்சீனில் மாட்டுவண்டி செய்கிற பர்மாக்காரர் ஒருவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரே வாரத்தில் ஒன்று செய்து காட்டினார். மூங்கில் சட்டம், மூங்கில் பாய்ச் சுவர், மேலே ஓலை. மொத்தமே நாற்பது வீசை. உள்ளே படுத்துப் பார்த்தேன், காற்று நன்றாக வந்தது. இதுதான், முடிந்தது என்று எழுந்து வந்தால் இவர் முகம் கடுகடுவென்று இருந்தது.

"கோழிக் கூண்டுக்குள்ள என்னை உக்காரச் சொல்றியா? அவன் பாத்தா சிரிக்கமாட்டான்?"

ஆக எடை மட்டும் குறைந்தால் போதாது, கௌரவமும் குறையக் கூடாது. இரண்டும் சேர்ந்தாற்போல் ஒரு வீடு இந்த உலகத்தில் எங்கே கிடைக்கும்? வண்டிக்காரர் அதை எடுத்துக்கொண்டு போனார். மறுவாரம் அதில் வாத்து வளர்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். வாத்துகளாவது சுகமாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் சீனத் தச்சரே முகத்தைச் சுளித்துக்கொண்டு பிரம்பில் சட்டம் கட்டி, கித்தான் துணி இழுத்து, இரண்டு மெல்லிய சக்கரத்தில் ஏற்றிக் கொடுத்தார். பச்சை வர்ணம், வெள்ளை ஜன்னல். அறுபத்தைந்து வீசை. ஒவ்வொரு சாமானும் ராவுத்தர் தராசு ஏறி இறங்கியது. நான் தைத்த ஜன்னல் திரையைக்கூட விடவில்லை. ஓரம் மடித்துத் தைத்ததில் துணி வீணாகக் கனக்கிறது என்று பிரிக்கச் சொன்னார். பிரித்தேன். ராவுத்தர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரயில்ல யாரும் நிறுக்கமாட்டாங்க தாயி" என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

அது காதில் விழாததுபோல் இருந்துவிட்டேன். திரைக்கு நீலமா மஞ்சளா என்று நான் அப்போது யோசித்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா.

குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் புறப்பட்டோம். அந்த வண்டி வீட்டை அவ்வளவு எடை பார்த்தவர், வண்டிக்குள் ஏற்றியதை நிறுக்கவில்லை. வண்டி வேறே, சாமான் வேறே என்பது அவர் கணக்கு. சகலை வீட்டு அரிசி ஆகாது என்று அரை மூட்டை அரிசி. அவன் வீட்டு விறகு ஆகாது என்று இரண்டு கட்டு விறகு. அவன் வீட்டு அம்மியில் அரைத்த சட்னி ஆகாது என்று எங்கள் அம்மி. தண்ணீர் ஆகாது என்று கழுத்து வரை நிரப்பிய பித்தளை அண்டா. மூன்று ஆட்கள் பிடித்து ஏற்றினார்கள். சக்கரம் முனகியது.

இன்சீனுக்கு முன்னால் ஒரு சின்ன மேடு. மாடுகள் அதை மேடு என்று கவனித்திருக்கக்கூட மாட்டா. எங்கள் மோட்டார் பாதி ஏறி, புகைந்து, பின்னால் நழுவத் தொடங்கியது. நான் குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். அவர் இறங்கி வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையை ராவுத்தர் கடைத் தராசில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

"நீ இன்சீன்ல ரயில் ஏறி வந்துடு" என்றார்.

"அம்மிய எறக்கிடலாமே?"

"அப்புறம் சட்னிக்கு என்ன பண்றது?"

"என்னை எறக்கினா யார் அரைக்கிறது?"

கொஞ்சம் யோசித்தார். "அங்க வந்து அரை."

"நான் ரயில்ல போனா நீங்க அனுப்பினதா ஆகாதா?"

"அது வேற" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த அண்டாவை அங்கேயே கவிழ்த்திருப்பேன். கவிழ்க்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வயல், ஓடை, பகோடா எல்லாம் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. உட்கார்ந்த இடம் சூடாவதற்குள் மாவ்பி வந்துவிட்டது.

தங்கை வாசலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வருவாள் என்று நினைத்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"எப்படிக்கா வந்தே?"

"ரயில்லதான்."

"ரங்கூன்லேருந்து ஒன்றரை மணி நேரம்" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபித்துத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவளுக்கு வலி எடுத்த நாளில் நான் சீமை வீட்டின் எடையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சபதம் அவருடையது, சரி. திரைக்கு நிறம் பார்த்தது நான்தானே.

குழந்தை நடக்கத் தொடங்கியிருந்தாள். நான் கை நீட்டியதும் அலறிக்கொண்டு வேலிப் பக்கம் ஓடி, அந்தப் பர்மாக்கார அம்மாளின் லுங்கியைப் பிடித்துக்கொண்டாள். "ஜீடோ, ஜீடோ" என்று அழுதாள். பர்மியர்கள் தாயின் அக்காளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சங்கடத்தோடு சிரித்தாள். அவள்மேல் என்ன குற்றம்? காலியாகக் கிடந்த இடத்தில் வந்து உட்கார்ந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. என்னைப் பெரியம்மா என்று கூப்பிட இந்த உலகத்தில் இருந்தது அந்த ஒரு வாய்தான்.

மத்தியானம் போய்ச் சாயங்காலம் ஆகியும் இவரைக் காணோம். சகலை ஒன்றும் கேட்காமல் ஒரு ஜோடி மாட்டை ஓட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போனார். பொழுது சாயும் நேரத்தில் ஊர்வலம் வந்தது. முன்னால் மாடுகள், அதன் பின்னால் மோட்டார், அதன் பின்னால் பச்சை வீடு. மோட்டாருக்குள் என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார், தாமே ஓட்டுகிறவர் மாதிரி.

உள்ளே எட்டிப் பார்த்தேன். அரிசி இருந்தது, விறகு இருந்தது, அம்மி அசையாமல் இருந்தது. அண்டாவில் மட்டும் சொட்டுத் தண்ணீர் இல்லை. வழி நெடுக மோட்டார் கொதித்திருக்கிறது. கொதிக்கக் கொதிக்க எங்கள் ரங்கூன் தண்ணீரை அதன் வாயில் ஊற்றி ஊற்றியே வந்திருக்கிறார். கடைசிக் குவளையும் போன பிறகு நடுரோட்டில் உட்கார்ந்திருந்தாராம். உதடெல்லாம் புழுதி.

தங்கை ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் செம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். கடகடவென்று மூன்று செம்பு குடித்தார்.

"இலை போட்டாச்சுண்ணே. இன்னைக்கு மொதப் பந்தி நீங்கதான்" என்றார் சகலை. முகத்தில் சிரிப்பில்லை. அதனால் அது கேலியா மரியாதையா என்று என் கணவரால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. சாப்பிட்டார். தங்கை பாயசமும் வைத்திருந்தாள். இரண்டாவது தடவை ஊற்றியபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தப் பாயசத்துக்கா இரண்டு வருஷம்?

பச்சை வீட்டில் ஒருவரும் படுக்கவில்லை. மறுநாள் காலை மோட்டாரைத் துடைத்து, ஒரு அண்டா மாவ்பித் தண்ணீரும் நிரப்பிக்கொண்டு, "ம், ஏறு" என்றார்.

"நான் வரல. இங்க இருந்துட்டு வர்றேன்."

"எத்தனை நாள்?"

"இந்தக் குழந்தை என்னைப் பெரியம்மான்னு கூப்பிடற வரைக்கும்."

"அதுக்கு எத்தனை நாள் ஆகும்?"

"நீங்க வண்டி பாத்ததவிடச் சீக்கிரம்தான் ஆகும்" என்றேன்.

சகலை மாட்டுக்குத் தவிடு கலக்கும் சாக்கில் குனிந்துகொண்டார். என் கணவர் அம்மியை இறக்கித் தங்கை வீட்டுச் சுவரோரம் வைத்துவிட்டு, மோட்டாரைக் கிளப்பினார். அம்மியும் இல்லாமல் நானும் இல்லாமல் வண்டி நன்றாகவே ஓடியது.

முதல் நாலு நாள் குழந்தை என் பக்கமே வரவில்லை. பதினோராம் நாள் நான் அந்த அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து முந்தானையை இழுத்து, "பெம்மா" என்றாள். பெரியம்மாவில் அவளுக்கு வந்தது அவ்வளவுதான். கையிலிருந்த தேங்காயை அவள் வாயில் வைத்தேன். கண் கலங்கிவிட்டது. தங்கை பார்த்துவிட்டு, அன்றைக்குத்தான் பழையபடி என்னிடம் பேசினாள்.

மறுநாள் ரயில் ஏறினேன். ஒன்றரை மணி நேரத்தில் வீட்டில் இருந்தேன்.