அமைதி அறையில் இருந்தபடி அப்பாவை அனுப்பியது

அப்பா இறந்த செய்தி ஒரு புதன்கிழமை மத்தியானம் வந்தது. ஜொகூரில் தம்பி வீட்டில் இருந்தார். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர் குழாயடியிலேயே சரிந்துவிட்டார். தம்பி போனில் அழுதுகொண்டே சொன்னான்: "அக்கா, நீ வந்து வாய்க்கரிசி போட்ட பிறகுதான் தூக்குவோம். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வச்சிருக்கோம். எப்படியாவது வந்துரு."

பினாங்கிலிருந்து ஜொகூருக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். மற்றவர்களுக்கு அவ்வளவுதான். எனக்கு மகள் இருக்கிறாள், ஒன்பது வயது. சத்தம் அவளை அடிக்கும். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. மிக்சி ஓடினால் போதும், அடி வாங்கின பிள்ளை மாதிரி மூலையில் போய் ஒடுங்கிக்கொள்வாள். வெள்ளை விளக்கு, சென்ட் வாசனை, தெரியாமல் மேலே பட்டுவிட்ட கை, எல்லாமே அப்படித்தான்.

என் வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூரில் வேலை. அவர் அன்று சாயங்காலமே பாலம் தாண்டி சாவு வீட்டுக்குப் போய்விட்டார். இங்கே ஜார்ஜ்டவுன் ஃபிளாட்டில் நானும் அவளும்தான். பள்ளியில் அரை நாள் இருப்பாள், அதற்கு மேல் யாரிடமும் அவளை விட்டுவிட்டுப் போக முடியாது. என் கையைத் தவிர வேறு கையில் சோறு வாங்க மாட்டாள். காரிலேயே போய்விடலாமே, எட்டு மணி நேரம்தானே என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். பினாங்குப் பாலத்தைத் தாண்டுவதற்குள் கதவைத் திறக்கப் பார்க்கிற பிள்ளையை வைத்துக்கொண்டா? சொல்கிறவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

அப்பா அப்படிச் சொல்கிறவர் இல்லை. அவருடைய தங்கை, எங்கள் அத்தை, என் மகளைப் பார்க்கும்போதெல்லாம் "நாலு போடு போட்டா எல்லாம் சரியாயிரும்" என்பார். அப்பா ஒரே வார்த்தைதான் சொல்வார்: "அதுக்கு வலிக்குது, விடு." எங்கள் வீட்டுக்கு வரும்போது அவளிடமிருந்து ஐந்தாறு அடி தள்ளித் தரையில் உட்காருவார். லங்சாட் பழத்தை உரித்துத் தட்டில் வைத்து, அவள் முகத்தைப் பார்க்காமலே தட்டை மெதுவாகத் தள்ளிவிடுவார். இரண்டு வருஷம் இப்படியே நடந்தது. ஒரு நாள் அவளாக எழுந்து வந்து அவர் முதுகில் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்பா அரை மணி நேரம் அசையவில்லை. கால் மரத்துப்போய், பிறகு நான்தான் அவரைத் தூக்கிவிட்டேன். அந்த மனிதருடைய முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது.

வியாழக்கிழமை காலை பத்து இருபதுக்கு விமானம். எட்டு மணிக்கே விமான நிலையத்துக்குப் போய்விட்டோம். அவளுக்குக் காதை மூடுகிற ஹெட்போன், கண்ணுக்குத் தொப்பி, மடியில் போட்டுக்கொள்ளக் கனமான போர்வை, எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். முதல் நாள் ராத்திரியே என்னென்ன நடக்கும் என்று படம் வரைந்து காட்டியிருந்தேன். பெட்டிகளைச் சோதிக்கும் இடம் வரைக்கும் தங்கமாக வந்தாள். அங்கே ஹெட்போனைக் கழற்றி மெஷினில் வைக்கச் சொன்னார்கள். அதை நான் படத்தில் வரையவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. அவள் காதிலிருந்து அதை எடுத்த அதே நேரத்தில் யாருடைய பெல்ட்டுக்கோ பக்கத்து மெட்டல் டிடெக்டர் வாசல் கீயென்று அலறியது.

தரையில் விழுந்துவிட்டாள். தலையைத் தரையில் மோதினாள். நான் என் கையை அடியில் கொடுத்தேன். நாலைந்து பேர் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். அவர்களை நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன், தமிழில். சீருடை போட்ட ஒரு பெண், நம் தமிழ்ப் பெண்தான், ஓடி வந்து குனிந்தாள். "அக்கா, இங்க ஒரு ரூம் இருக்கு லா. இந்த மாதிரி பிள்ளைங்களுக்குத்தான். தூக்கிக்கிட்டு வாங்க" என்றாள்.

சின்ன அறை. கதவை மூடினதும் வெளியே கேட்ட சத்தம் நின்றுவிட்டது. மங்கின நீல விளக்கு, சுவர் முழுக்க மெத்தை, ஒரு கண்ணாடிக் குழாயில் மெதுவாக ஏறுகிற நீர்க்குமிழிகள். பேசக் கூடாது என்று வாயில் விரல் வைத்த படம் கதவில் ஒட்டியிருந்தது. மகள் மூலையில் இருந்த பெரிய தலையணைக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்துகொண்டாள். நான் போர்வையை அவள்மேல் போட்டேன். முதலில் உடம்பு உதறிக்கொண்டே இருந்தது. பிறகு விட்டு விட்டு உதறியது. இந்த அறையைக் கட்டினவர்கள் நன்றாக இருக்கட்டும் என்று மனசார நினைத்தேன்.

ஒன்பதே முக்காலுக்கு அந்தப் பெண் கதவைத் திறந்து, "அக்கா, ஏத்துறாங்க" என்றாள். நான் மகளின் தோளைத் தொட்டேன். தொண்டைக்குள்ளிருந்து ஒரு உறுமல். கையை எடுத்துவிட்டேன். பத்து மணிக்கு மறுபடியும் வந்தாள். "கடைசியாக் கூப்பிட்டாச்சிக்கா. நான் வேணும்னா காலப் பிடிச்சிக்கிறேன், நீங்க தோளைப் பிடிங்க. ரெண்டு பேரும் தூக்கிரலாம்."

தூக்கியிருக்கலாம். ஒரு தடவை தூக்கியிருக்கிறேன். சுங்கை பாக்காப்பில் சொந்தக்காரர் கல்யாணம். மேளச் சத்தத்துக்குப் பயந்து காருக்குள் ஒளிந்துகொண்டவளை, குடும்பப் படத்தில் நிற்கவில்லை என்றால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று இழுத்துக்கொண்டு போய் மேடையில் நிறுத்தினேன். படம் நன்றாகவே வந்தது. அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவள் என்னை அம்மா என்று கூப்பிடவில்லை. அவளுக்கு இருந்ததே பத்துப் பன்னிரண்டு வார்த்தை. அதில் நான் ஒன்றைத் தொலைத்தேன்.

"வேணாம்மா. நாங்க போகல" என்றேன். அந்தப் பெண் என்னையே பார்த்தாள். ஏன் போகிறோம் என்று நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அப்போதும் சொல்லவில்லை.

அடுத்த விமானம் சாயங்காலம்தான். வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்பினேன். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் சாவு வீட்டில் வேறு ஆட்களும் இருக்கிறார்களே. பதினொன்றரைக்குத் தம்பி கூப்பிட்டபோது பின்னால் அத்தையின் குரல் தெளிவாகக் கேட்டது. "அவ வரலன்னா யாருக்காக வச்சிருக்கோம்? பெத்த மக வாய்க்கரிசி போடாம போறான் எங்கண்ணன். புள்ளைய ரெண்டு அடி போட்டு இழுத்துட்டு வர முடியாதா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதில் சொல்ல வாயெடுத்தேன். மகள் அப்போதுதான் தூங்க ஆரம்பித்திருந்தாள்.

தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டான். "அக்கா, வண்டி வந்துருச்சி. உனக்காகத்தான் வச்சிருந்தோம். நீ சொன்னாத்தான்... தூக்கிரவா?"

போனை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு, "தூக்கிருப்பா" என்றேன். அவனுக்குக் கேட்கவில்லை. "என்னக்கா?" என்றான். இரண்டாவது தடவையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்காரர் வீடியோவில் வந்தார். அப்பாவின் முகத்துக்குப் பக்கத்தில் போனைக் கொண்டுபோனார். முகத்தை மழுமழுவென்று சவரம் செய்திருந்தார்கள். எனக்குப் பதிலாகத் தம்பி அரிசி போட்டான். பெட்டியை மூடினார்கள். அந்த நேரம் பார்த்து வாசலில் தப்படிக்க ஆரம்பித்தார்கள், சங்கு ஊதினார்கள். போனிலிருந்து வந்த அந்தக் கொஞ்சம் சத்தத்துக்கே போர்வைக்குள் மகளின் தோள் தூக்கிப் போட்டது. நான் சத்தத்தை அணைத்துவிட்டேன்.

மற்றதெல்லாம் ஊமைப் படமாகத்தான் பார்த்தேன். ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். அத்தை வாயைத் திறந்து "அண்ணே" என்று அலறினது உதட்டைப் பார்த்துத் தெரிந்தது. பெட்டி எழும்போது பெண்பிள்ளைகள் கத்தி அழுவதுதான் எங்கள் வழக்கம். நானும் அவர்கள் நடுவில் நின்று "அப்பா" என்று ஒரு தடவை கத்தியிருக்க வேண்டும். துப்பட்டாவைச் சுருட்டி வாய்க்குள் அடைத்துக்கொண்டேன்.

ஒரு வருஷம் ஆகப்போகிறது. வீட்டில் எப்போதும் அவள் இருக்கிறாள். அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகும்போது காரில் தனியாக, கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு, இரண்டு மூன்று தடவை "அப்பா" என்று கத்த வாயைத் திறந்து பார்த்தேன். வரவில்லை.