குளியலறைக்குள் இருந்த தம்பி

குளியலறைக்குள்ளிருந்து முதலில் ஒரே ஒரு "கொக்" வந்தது. மூச்சு விடும் நேரம் அமைதி. பிறகு ஊரைக் கூட்டுவது போல விடாமல் கொக்கரிக்கும் சத்தம்.

கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த டாக்டர் பேனாவை நிறுத்தினார். கோழிக் கம்பெனியின் பறவை டாக்டர். அவர் எதிரில் நின்றிருந்த வீட்டுக்காரி குளியலறைக் கதவை மறைத்தாற்போல் நகர்ந்து நின்றாள். முட்டையிட்ட கோழி தன் பெருமையைச் சொல்லும் சத்தம் அது. பத்தாயிரம் கோழிகளுக்கு நடுவில் நின்று பழகிய ஒருவருக்கு அதை யாரும் அடையாளம் காட்ட வேண்டியதில்லை.

"என் ஃபோன்தான் மேடம்," என்றார் கட்டிலில் சாய்ந்திருந்த அவள் கணவர். "பொண்ணு ஏதோ சத்தத்தை வச்சுக் குடுத்துட்டுப் போயிட்டா."

ஃபோன் அவர் மடியிலேயே ஊமையாகக் கிடந்தது. டாக்டர் காகிதத்தில் அடுத்த வரிக்குப் போனார்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. அதில் இருபத்திரண்டு வருடம் குஞ்சு பொரிக்கும் ஹேட்சரியில் போய்விட்டது. முட்டைக் கோழி இனத்துக் குஞ்சுகளை ஆண், பெண் பிரிப்பது வேலை. பொரித்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சை இடது கையில் எடுப்பாள். இறக்கையை விசிறி போல விரித்து இறகு நுனிகளைப் பார்ப்பாள். நீளமும் குட்டையும் மாறி மாறி இருந்தால் பெண், வலது தட்டுக்கு. எல்லாம் ஒரே அளவென்றால் ஆண், இடது தட்டுக்கு. முட்டை போடாத சேவலை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வார்கள்? இடது தட்டு எங்கே போகிறது என்று அங்கே யாரும் பேசுவதில்லை.

எட்டாவதோடு பள்ளியை விட்டவள். ஆங்கிலத்தில் பஸ் போர்டுகூடப் படிக்க வராது. ஆனால் கோழி ஆங்கிலம் மட்டும் நாக்கில் தண்ணீராக ஓடும். வளர்ந்த பெண் குஞ்சு புல்லட், ஆண் காக்ரல், தேறாதென்று ஒதுக்கியது கல், அடைக்கு உட்கார்ந்து எழ மறுப்பது புரூடி. வேலை முடிந்து உடை மாற்றும்போது அந்த வார்த்தைகளை மட்டும் கழற்றி வைக்க அவளுக்குத் தெரியவில்லை. எதற்கெடுத்தாலும் முகத்தைத் தூக்கிக்கொண்டு மூலையில் உட்காரும் நாத்தனார், அவளுக்குப் புரூடி. முழங்கால் கெட்டு, லாரி ஓட்டுவதை விட்டு, கட்டிலிலேயே சதை போட்ட கணவர் பிராய்லர். "நாப்பது நாளைக்கு மேல பிராய்லரை எவனும் வச்சுக்க மாட்டான். நான் வச்சிருக்கேன் பாருங்க," என்பாள் சோறு போடும்போது. அவரும் லேசுப்பட்டவரல்ல. பெண்டாட்டி கொத்தும் புருஷனை ஹென்பெக்டு என்பார்கள் என்று எங்கோ கேட்டு வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் வழுக்கைத் தலையைத் தடவிக் காட்டி, எல்லாம் அவள் கொத்தியது என்பார்.

ஹேட்சரியில் அவளுக்கு சிக்கன் அக்கா என்று பெயர். ஆங்கிலத்தில் பயந்தாங்கொள்ளியை அப்படித்தான் சொல்வார்களாம். சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினாலே கை நடுங்குகிறவளை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்?

அப்படிப்பட்டவள் ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு குஞ்சைத் திருடினாள்.

மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய வாரம் அது. வீடு வாயடைத்துப் போயிருந்தது. இடது தட்டில் போட்ட ஒரு குஞ்சு திரும்பத் திரும்ப ஓரம் ஏறி வந்து அவள் விரலைப் பற்றியது. மூன்று முறை தள்ளிவிட்டாள். நான்காவது முறை அவளால் முடியவில்லை. காலியான சாப்பாட்டு டப்பாவுக்குள் அது வீடு வந்து சேர்ந்தது.

ஹேட்சரியில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் கூண்டுக்கிளிகூட இருக்கக் கூடாது. சேரும்போதே எழுதி வாங்கிவிடுவார்கள். வெளியிலிருந்து ஒரு பறவையின் நோய் யாராவது கையோடு உள்ளே வந்துவிட்டால், அங்கே இருப்பது லட்சம் குஞ்சு. தெரிந்துதான் செய்தாள். ஆண் குஞ்சுதானே என்று கணவர் அதற்குத் தம்பி என்று பெயர் வைத்தார். தம்பி அவர் கட்டிலில் ஏறித் தூங்கினான், அவர் தட்டில் சாப்பிட்டான், அவரோடு டிவி பார்த்தான்.

பத்து நாளைக்கு முன்னால் தம்பி முட்டை போட்டான்.

கணவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருடக் கண் தவறிவிட்டது என்பது மட்டுமல்ல. நோய்த் தடுப்பு ஊசி வலது தட்டுக்குத்தான். பெண்ணை ஆணென்று இடது பக்கம் தள்ளியதால், ஊசியே போடாத ஒரு கோழி அவள் வீட்டில் வளர்ந்திருக்கிறது. ஆணென்றாலும் ஊசி இருந்திருக்காது, ஆனால் கழுத்தை நீட்டி முதல் தடவை கூவிய அன்றே, அக்கம்பக்கம் தெரிந்துவிடும் என்று அவனை எங்காவது கொடுத்திருப்பாள். இன்னும் கூவவில்லையே என்று இத்தனை நாள் நிம்மதியாக இருந்துவிட்டாள். காலையில் அதற்குத் தீனி வைத்த கைதான் பகலெல்லாம் குஞ்சுகளைப் பிரித்தது.

போன வாரம் செய்தி வந்தது. இவர்கள் ஹேட்சரிக் குஞ்சு போன பண்ணையொன்றில் நாலாயிரம் செத்துவிட்டன. சாவு என்று சொல்லாமல் மார்ட்டாலிட்டி என்று சொல்லிவிட்டு எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இன்று டாக்டர் ஒவ்வொருவர் வீடாக வருகிறார்.

"பேக்கிங்ல இருக்கற அக்கா வீட்ல ரெண்டு லவ்பேர்ட்ஸ் இருந்துச்சு," என்றார் டாக்டர், காகிதத்தை நீட்டியபடி. "இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருந்தாங்க. நாளைக்கு அவங்களை அனுப்பிடுவாங்க. அங்கேருந்துதான் வந்திருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. உங்க வீட்ல பறவை இல்லைன்னா இங்கே போடுங்க."

பேனாவை வாங்கினாள். அது விரலில் வழுக்கியது. பேக்கிங் அக்காவுக்குக் கணவர் இல்லை, வேறு சம்பாத்தியம் இல்லை. இங்கேயும் கட்டிலில் கிடப்பவருக்கு மாத்திரை வாங்கவே தன் சம்பளத்தை விட்டால் வழியில்லை. கோட்டுக்கு மேல் பேனாவை வைத்தாள். கணவர் கண்ணால் கெஞ்சினார், போட்டுவிடு என்று. ஒரு புள்ளி மட்டும் விழுந்தது.

"குளியலறையில இருக்கு மேடம்," என்றாள். தன் குரலா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "ஊசி போடாதது. நான்தான் எடுத்துட்டு வந்தேன். என் கண்ணு தப்பிப் போச்சு."

டாக்டர் பையிலிருந்து கையுறைகளை எடுத்தார். அவை ஏற்கெனவே பைக்குள் மேலாகத் தயாராக இருந்தன.

பழக்கமில்லாத கைகளைக் கண்டு தம்பி ஒண்டிக்கொண்டான். டாக்டர் கொண்டையைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், தொண்டைக்குள் பஞ்சுக் குச்சியை விட்டுக் குழாயில் மூடினார். சூடு ஆறாத முட்டையையும் உறையில் போட்டுக்கொண்டார். நோய் இருப்பது போலத் தெரிகிறதா என்று கணவர் மூன்று முறை கேட்டார். பார்வைக்குத் தெரியாது, லேபிலிருந்து முடிவு வர நாலு நாள் ஆகும், அதுவரை இவள் வேலைக்கு வரக் கூடாது, கோழி அந்த அறையை விட்டு வெளியே வரக் கூடாது என்றார் டாக்டர். பேக்கிங் அக்காவின் விஷயத்தை அதுவரை நிறுத்தி வைக்கச் சொல்வதாகவும் சொன்னார். இவள் விஷயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வாசல் வரை பின்னாலேயே போனாள். டாக்டர் ஷூ மேல் மாட்டியிருந்த நீல உறைகளைக் கழற்றி, கவரில் போட்டு, முடிச்சுப் போட்டார்.

"மேடம், அந்த நாலாயிரமும் என் கையாலயா?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். இளம் முகம், களைத்துப் போயிருந்தது.

"தெரியலக்கா."

படியிறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். பக்கத்து வீட்டு ஜன்னலில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். அவள் அவசரமாகக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்க வெகு நேரம் முடியவில்லை.