ஒரே விலாசத்தில் ஆறு குடிமாற்றம்

இசக்கிசெல்வி சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சித்தாள் வேலைக்கு வந்தது தொண்ணூற்று நான்கில். கொத்தனாரான அவள் புருஷன் நெல்லையப்பன் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பொடிந்து படுக்கையில் விழுந்தது தொண்ணூற்றேழில். மறு வருஷம் மணக்காட்டில் தங்கப்பன் முதலாளியின் லைன் வீட்டுக்குக் குடிவந்தார்கள். வரிசையாக ஏழு அறைகள், ஆறு குடும்பங்கள்.

ஏழாவது அறை சும்மா காலியாகக் கிடக்கவில்லை. பதினோரு மாதம் ஆனதும் ஒரு குடும்பம் அதற்குப் போகும். அது விட்ட அறைக்கு அடுத்த குடும்பம் போகும். இப்படியே ஆறு குடும்பமும் ஓர் அறை நகரும். ஒரே அறையில் ஒரு வருஷம் முழுசாக இருந்துவிட்டால் உரிமை பேசுவார்கள் என்று முதலாளிக்குப் பயம். கெட்டிக்கார மனுஷர்! நெல்லையப்பனைக் கட்டிலோடு தூக்க நாலு பேர் வேண்டும். அவன் வலி பொறுக்காமல் கத்துவான். ஆனாலும் இந்தப் படுக்கைக்காரனை வைத்துக்கொண்டு வேறு எங்கே போய் இடம் கேட்பது?

இரண்டாயிரத்து மூன்றில் முதலாளி ஓர் அறையைச் சிமெண்ட் கிடங்குக்கு விடத் தீர்மானித்தார். அப்படியானால் ஒரு குடும்பம் வெளியேற வேண்டும். யார் என்று பிறகு சொல்கிறேன் என்றார்.

அந்த வாரம்தான் கோட்டை அக்கிரகாரத்துச் சாவித்ரி டீச்சர் கணக்கெடுப்பு ஃபாரக் கட்டோடு வந்தாள். குடியிருப்புக்கு உத்தரவாதம் இல்லாமல் ஜனங்கள் எவ்வளவு தவிக்கிறார்கள் என்று ஐந்து தேசங்களில் ஒரே கேள்விகளைக் கேட்டு அளக்கிறார்களாம். இங்கே தமிழில் கேட்க அவளை வைத்திருந்தார்கள்.

"அஞ்சு வருஷத்துல எத்தனை தடவை வீடு மாறினேள்?"

முதலாளி கேட்டில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"மாறவே இல்ல டீச்சர். இதே கேட்டுதான், இதே விலாசம்தான்," என்றாள் இசக்கிசெல்வி.

மாறவில்லை என்றால் அடுத்த எட்டுக் கேள்விகள் வேண்டாம் என்று ஃபாரத்திலேயே போட்டிருந்தது. சாவித்ரி பக்கத்தைத் திருப்பினாள். "நீங்க குடுத்துவெச்சவா அக்கா. சில தேசத்துல வருஷத்துக்கு ரெண்டு தடவை மாறறாளாம்."

அடுத்த அறையில் பூமாரி. ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவள், வாயை அடக்கத் தெரியாதவள். பதினோரு மாதக் கதையை ஒன்று விடாமல் கொட்டிவிட்டாள். முதலாளி முழுவதையும் கேட்டுக்கொண்டு உள்ளே போனார்.

மாதக் கடைசியில் வெளியேறியது பூமாரிதான். மறுநாள் எல்லோரும் ஓர் அறை நகர்ந்தார்கள். நெல்லையப்பனின் கட்டிலைத் தூக்க ஓர் ஆள் குறைந்தது. அதுவரை கட்டிலின் ஒரு கால் பூமாரியின் கையில்தான் இருந்தது. இசக்கிசெல்வி சுமந்துகொண்டே அழுதாள்.

சொன்ன பதில்களைச் சரிபார்க்க இரண்டு மாதம் கழித்துச் சாவித்ரி மறுபடியும் வந்தாள். பூமாரி எங்கே என்று கேட்டாள். காலி பண்ணிவிட்டாள், போன இடம் தெரியவில்லை என்று சொன்னார்கள்.

"அப்போ அந்த ஃபாரத்தை எடுத்துடணும். ஆள் அகப்படலேன்னா கணக்குல சேராது."

இசக்கிசெல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எடமில்லாமப் போனவளையா கணக்குல சேக்க மாட்டிய? என்ன டீச்சர் அளவு இது?"

சாவித்ரி பூமாரியின் ஃபாரத்தைத் தனியே எடுத்து வைத்தாள்.

"அப்பம் என் பேர்ல எழுதுங்க. அன்னைக்குச் சொன்னது பொய். ஆறு தடவ மாறியாச்சி. எல்லாம் இந்தக் கேட்டுக்குள்ளதான்."

சாவித்ரி அன்று விட்டுவிட்ட பக்கத்தைத் தேடி எடுத்தாள். கேட்டருகே முதலாளி நிற்பதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இருக்கற எடத்தை விட்டுப் போகச் சொல்லிடுவாளோன்னு பயந்தது உண்டா?"

இசக்கிசெல்வி உள்ளே கட்டிலைப் பார்த்தாள். பிறகு கேட்டுவரை கேட்கிற குரலில் சொன்னாள்: "முதலாளி அன்னா நிக்காரு. இப்பமும் பயந்துக்கிட்டுத்தான் சொல்லுதேன். எழுதுங்க."